நீலப் பீப்பாயும் சாம்பல் பீப்பாயும்

சத்தம் கேட்கக் கூடாது என்று சொன்னவள் மார்லிஸ்தான். அதை மட்டும் அவள் பிற்பாடு ஒருபோதும் மறுக்கவில்லை.

மகன் கெலன் பனிபடிந்த சாலையில் காரோடு சறுக்கி, ஆற்றுப் பாலத்துக்கு அடியில் போய்ச் சேர்ந்தபோது, மாடியில் அவன் அறையில் ஒரு சின்ன மீன்தொட்டி ஓடிக்கொண்டிருந்தது. உப்புத் தண்ணீர்த் தொட்டி. கடலைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் ராத்திரி பகலாகக் கார் ஓட்ட வேண்டிய விஸ்கான்சினில், அந்தப் பையனுக்கு எங்கிருந்துதான் அந்தக் கிறுக்குப் பிடித்ததோ. தொட்டிக்குள் இரண்டு ஆரஞ்சு மீன்கள் இருந்தன. கூடவே கட்டைவிரல் அளவில் ஒரு பச்சைப் பவளம். மோதிரத்தில் பதிக்கிற பவளம் இல்லை, உயிரோடு இருப்பது. கீழே கல் மாதிரி ஒரு காம்பு, அதன் தலையில் கொழுகொழுவென்று பச்சை விரல்கள். தண்ணீர் ஓடினால் விரல்கள் ஆடும். தொட்டால் உள்ளே இழுத்துக்கொள்ளும்.

பையன் போய்விட்டான். தொட்டி போகவில்லை. அதன் மோட்டார் சுவருக்கு அந்தப் பக்கம் உறுமிக்கொண்டே இருந்தது. மார்லிஸுக்குத் தூக்கம் போயிற்று.

"அவன் முழிச்சிட்டு இருக்கற மாதிரியே இருக்கு, வெர்லின்" என்றாள் புருஷனிடம். "ஒண்ணு அதை நிறுத்து. இல்லேன்னா என்னை எங்கேயாவது கொண்டுபோய் விடு."

"நிறுத்த மாட்டேன்" என்றான் வெர்லின் ஹ்ருஸ்கா. "சத்தம் கேக்காம பண்றேன்."

காகித ஆலையில் காலமெல்லாம் குழாய் மாட்டியவன் அவன். ஆலையை மூடியபின் கைக்கு வேலையில்லாமல், வீட்டிலிருக்கிற ஒவ்வொரு திருகாணியையும் முறைத்துக்கொண்டு திரிந்தான். இப்போது வேலை கிடைத்துவிட்டது. கூடத்துச் சுவரோரம் ஆளைவிட நீளமான கண்ணாடித் தொட்டி வந்து இறங்கியது. அதற்குப் பின்னால், அவளுடைய அம்மா வீட்டு ஓக் பலகை போட்ட தரையில், தட்டு அகலத்துக்கு ஓட்டை போட்டான். தட்டிக்கேட்கப் போனவள் அவன் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டாள். அந்த ஓட்டை வழியாகத் தண்ணீர் தானாகவே நிலவறைக்கு இறங்கும். அங்கே குதிரைக்குத் தண்ணீர் காட்டுகிற பிளாஸ்டிக் தொட்டி ஒன்று வைத்திருந்தான், பண்ணைச் சாமான் கடையில் வாங்கியது. அதில் அழுக்கு நீங்கிய தண்ணீரை மோட்டார் மறுபடி மேலே தள்ளும். உறுமல், குமிழி, சலசலப்பு எல்லாம் கீழே. மேலே வெறும் தண்ணீரும் வெளிச்சமும்தான். இடம் போதவில்லை என்று துணி துவைக்கிற மெஷினைக்கூட மேலே ஏற்றிவிட்டான். அதற்கப்புறம் மார்லிஸுக்கு நிலவறைக்குப் போகக் காரணமே இல்லாமல் போயிற்று. போனாலும் "அதைத் தொடாதே, இதை மிதிக்காதே" என்று அவன் படுத்துகிற பாடு தாங்காது.

தண்ணீர் ஓடத் தொடங்கிய நாளன்று அவளைச் சோபாவில் உட்காரவைத்துக் கண்ணை மூடச் சொன்னான்.

"கேக்குதா?"

"என்னது?"

"அதைத்தான் கேக்கறேன். ஏதாவது கேக்குதா?"

ஒன்றும் கேட்கவில்லை. கண்ணைத் திறந்தாள். கெலனுடைய பச்சைப் பவளம் அந்தப் பெரிய தொட்டியின் நட்டநடுவில், ஒரு பாறைமேல் உட்கார்ந்து விரல்களை ஆட்டிக்கொண்டிருந்தது. மார்லிஸ் தேம்பித் தேம்பி அழுதாள். சாவுக்குப் பிறகு அன்றைக்குத்தான் அந்த வீட்டில் இரண்டு பேரும் ஒரே சோபாவில் உட்கார்ந்தார்கள்.

பவளம் வளர்ந்தது. ஒரு காம்பு இரண்டாகி, இரண்டு நாலாகி, முட்டைக்கோஸ் அளவு வந்து, பிறகு வாஷ்பேசின் அளவும் வந்தது. வெள்ளிக்கிழமை தவறாமல் மதுக்கடையில் பொரித்த மீனை எலுமிச்சை பிழிந்து ஒரு கை பார்க்கிற மனுஷன், வீட்டுக்கு வந்து மீன்தொட்டிமுன் நின்று "சாப்பிட்டீங்களாடா" என்று கேட்பான். மார்லிஸ் சிரிப்பாள். அவ்வளவுதான் அவர்களுக்கு மிச்சமிருந்த சந்தோஷம். அது போதுமாகத்தான் இருந்தது.

அந்த வட்டாரத்துத் தொட்டிக்காரர்கள் மாதம் ஒருமுறை லூத்தரன் தேவாலயத்துக் கூடத்தில் கூடுவார்கள். ஆளுக்கொரு சின்ன ரம்பம், பிளாஸ்டிக் கோப்பைகளில் வெட்டிய பவளத் துண்டுகள், ஒரு மேசையில் காபி. காசு பேச்செல்லாம் கிடையாது. உன்னுடையதில் ஒரு துண்டு எனக்கு, என்னுடையதில் ஒரு துண்டு உனக்கு. யார் வீட்டுத் தொட்டியாவது அழிந்துபோனால், அவனிடம் துண்டு வாங்கியவர்களெல்லாம் திரும்ப ஆளுக்கொரு துண்டு வெட்டிக்கொண்டு வந்து நிற்பார்கள். கொடுத்தவனுக்குத்தான் திரும்பக் கிடைக்கும். இது எழுதாத சட்டம்.

வெர்லின் வாங்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை.

"ஒரு கிளையை அறுத்துக் குடுப்பா" என்பான் வெண்டல். தொட்டிக்காரர்களுக்கு மூத்தவன், பால் வண்டி ஓட்டி ஓய்ந்தவன். "நாளைக்கு உன் வீட்ல ஏதாவது ஆச்சுன்னா என் வீட்ல இருக்கும். இதுக்கெல்லாம் வலிக்காது, கிழவா."

"என் பையனை நான் அறுக்க மாட்டேன்" என்பான் வெர்லின். அதற்குமேல் யார் என்ன பேச முடியும்.

ஒருநாள் டெஸா வந்தாள். கெலன் கட்டிக்கொள்வதாக இருந்த பெண். கையில் கழுவித் துடைத்த ஊறுகாய் ஜாடி ஒன்று. வாசல் மிதியடிமேல் பூட்ஸில் ஒட்டிய பனியைத் தட்டியபடியே, "ஒரு சின்ன துண்டு கிடைக்குமா மிஸ்டர் ஹ்ருஸ்கா? நான் நல்லா பாத்துக்குவேன்" என்றாள்.

"இன்னும் கொஞ்சம் வளரட்டும்மா. அப்புறம் பாக்கலாம்."

அவள் அவன் தோளுக்குப் பின்னால் தெரிந்த தொட்டியைப் பார்த்தாள். பவளம் பாதித் தொட்டியை அடைத்துக்கொண்டு ஆடியது.  சமையலறை வாசலில் நின்ற மார்லிஸ் வாயைத் திறக்கவில்லை. வெறும் ஜாடியோடு அந்தப் பெண் பனியில் இறங்கிக் காருக்குப் போனாள். பாவி மனுஷன் கதவைச் சாத்தினான்.

சில வருஷம் கழித்து ஒரு குளிர்காலத்தில் வெர்லினுக்கு நெஞ்சுக்குள் வால்வு கெட்டுவிட்டது. அறுத்து மாற்றியாக வேண்டும் என்றார்கள். தொட்டியைப் பார்த்துக்கொள்ளத் தான் வருவதாக வெண்டல் போன் பண்ணினான். வெர்லின் ஒரேயடியாக மறுத்துவிட்டான்.

"உள்ள விட்டா ரம்பத்தோடதான் வருவான்" என்றான் மார்லிஸிடம். "நான் இல்லாத நேரம் பாத்து ஒண்ணை நறுக்கிட்டுப் போயிடுவான். அவனைப் படியேத்தாதே. நீயே பாத்துக்கோ."

"எனக்கு என்ன தெரியும்?"

"தெரிய ஒண்ணுமே இல்லை. சாம்பல் கலர் பீப்பாய் இருக்கில்ல, அது குறைஞ்சா ரொப்பு. பக்கத்துலயே ஃபில்டர் குழாய் இருக்கு. தொட்டியில குறையறது அதுலேர்ந்து தானா போய்ச் சேரும், மத்ததும் தானா நடக்கும். ஒரு வாரத்துல நான் வந்துடுவேன்."

அவ்வளவுதான் சொன்னான். பக்கத்தில் நின்ற நீலப் பீப்பாயைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

முட்டிவலிக்காரி மார்லிஸ் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நிலவறைக்கு இறங்கினாள். அந்த வீட்டில் இத்தனை சத்தம் ஒளிந்திருந்தது அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. சாம்பல் பீப்பாயில் தண்ணீர் பாதிக்கும் கீழே. ஜனவரிக் குளிருக்கு ஹீட்டர் ஓடி ஓடி வீட்டுக் காற்று வறண்டு கிடந்தது, தொட்டித் தண்ணீர் சரசரவென்று காற்றில் போய்க்கொண்டிருந்தது. குழாயைத் திறந்து ரொப்பினாள். விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். சப்பென்று இருந்தது. பச்சைத் தண்ணீர்.

ஞாயிற்றுக்கிழமைகளில் காபி கொண்டுவந்து மேல்படியில் நின்றபடி அவள் பார்த்ததுண்டு. வெர்லின் ஒரு பீப்பாய்க்குள் டப்பாவிலிருந்து உப்பை அள்ளி அள்ளிக் கொட்டி, கெலனுடைய பழைய படகுத் துடுப்பால் கிண்டிக்கொண்டிருப்பான். கொட்டியது நீலப் பீப்பாயில் என்பது அவளுக்கு நினைவிருந்தது. ஆனால் கடல் தொட்டிக்குப் போகிற தண்ணீருக்கெல்லாம் உப்பு வேண்டும்தானே. வெறும் தண்ணீரை ஊற்றினால் கடல் நீர்த்துப் போகாதா? அவளுக்குச் சந்தேகம் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். வெர்லினுக்கு மயக்க மருந்து இன்னும் தெளியவில்லை.

"ரொப்பிட்டியா?" என்றான் குழறிக்கொண்டு.

"ரொப்பிட்டேன். ஆனா வெர்லின், இந்தத் தண்ணி..."

"நல்ல பொண்ணு" என்றான். நர்ஸ் போனை வாங்கிவிட்டாள்.

மனுஷனுக்கு மருந்து ஏறி மறந்துவிட்டது என்று முடிவுகட்டினாள் மார்லிஸ். உப்பு டப்பாவைத் தேடி எடுத்தாள். அவன் எத்தனை கை அள்ளுவானோ அத்தனை கை அள்ளிப் போட்டாள். துடுப்பை எடுத்தபோது அதன் பிடியில் கெலன் கத்தியால் செதுக்கிய பெயர் கையில் தட்டுப்பட்டது. கரையும்வரை கிண்டினாள். மேலே ஏறி வந்து தொட்டிமுன் நின்று, "உங்க அப்பன் மறந்தாலும் நான் மறக்கலை" என்று பச்சை விரல்களிடம் சொன்னாள்.

ஒரு வாரம் என்றது ஒரு வாரத்தில் முடியவில்லை. தைத்த இடத்தில் சீழ் பிடித்தது, காய்ச்சல் வந்தது. மார்லிஸ் காலையில் ஆஸ்பத்திரி, சாயங்காலம் நிலவறை என்று அலைந்தாள். சாம்பல் பீப்பாய் நித்தம் குறைந்தது. நித்தம் ரொப்பி, நித்தம் உப்புப் போட்டாள்.

பவளத்தின் விரல்கள் சுருங்க ஆரம்பித்தன. முதலில் பாதி நீட்டின, பிறகு நுனி மட்டும் எட்டிப் பார்த்தது.  நான் சரியாகப் போடவில்லை, கம்மியாகப் போடுகிறேன் என்று நினைத்தாள். ஒரு கை கூடப் போட்டாள். அதற்கும் கேட்கவில்லை. இன்னொரு கை கூட்டினாள்.

வெண்டல் போன் பண்ணினான். "எப்படிம்மா இருக்கு தொட்டி?"

"நல்லாருக்கு."

"நான் வேணா ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போகட்டுமா? ஆத்தங்கரைப் பக்கம்தான் இருக்கேன்."

வா என்று சொல்ல நாக்கு துடித்தது. வெர்லின் முகம் கண்முன் வந்தது. "வேண்டாம் வெண்டல். எல்லாம் சரியா இருக்கு" என்று வைத்துவிட்டாள். அன்றைக்கே ஆரஞ்சு மீன் ஒன்று மேலே மிதந்தது. அதைக் காகிதத் துண்டில் சுற்றி, தோட்டத்தில் மண் இரும்பாய் இறுகிக் கிடந்ததால் பனிக்குள் புதைத்தாள். வெர்லின் கேட்டபோதெல்லாம் நல்லாருக்கு, நல்லாருக்கு என்றாள். பதற்றப்படவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். வேறு என்னதான் சொல்லித் தொலைப்பாள்.

வெர்லின் வீட்டுக்கு வந்த நாளில் பவளத்தில் பச்சை ஒரு பொட்டுக்கூட இல்லை. சதை கரைந்து நூல்நூலாகப் போய், வெள்ளைக் காம்புகள் மட்டும் நின்றன. மற்ற மீனும் போயிருந்தது. கூடத்தில் அழுகல் வாடை. அவன் கோட்டைக் கழற்றவில்லை. ஊன்றி நடக்கிற கம்பிச் சட்டத்தைப் பிடித்தபடி தொட்டிமுன் வெகுநேரம் நின்றான்.

"நான் எல்லாம் நீ சொன்ன மாதிரிதான் செஞ்சேன்" என்றாள் மார்லிஸ் பின்னாலிருந்து.

"கீழ போகணும்."

"படி இறங்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

அவன் இறங்கினான். அவள் அவன் இடுப்பு பெல்ட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்தாள். சாம்பல் பீப்பாயின் விளிம்பில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. அவன் அதைப் பார்த்தான். விரலை விட்டு வாயில் வைத்தான்.

"இதுல என்ன போட்ட?"

"உப்பு. நீ போடுற உப்புதான்."

மோட்டார் உறுமிக்கொண்டிருந்தது. அவன் நெஞ்சுத் தையல்மேல் கையை வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தான்.

"காத்துல போறது தண்ணி மட்டும்தான், மார்லிஸ்" என்றான் மெதுவாக. "உப்பு எங்கயும் போகாது. அது உள்ளயேதான் கிடக்கும். அதனால இதுல வெறும் தண்ணிதான் ஊத்தணும். உப்புத் தண்ணி நீலத்துல கலக்கறது, பழைய தண்ணியை எடுத்துட்டு மாத்தறதுக்கு. நீ உப்பு மேல உப்பு..."

முடிக்கவில்லை. முடிக்க வேண்டியிருக்கவும் இல்லை. அவளுக்கு எல்லாம் ஒரே நொடியில் விளங்கிவிட்டது. கூட ஒரு கை போட்டதும், இன்னொரு கை கூட்டியதும் நினைவுக்கு வந்தன.

"நீ எனக்குச் சொல்லவே இல்லையே."

"சொல்லணும்னே தோணலை. அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானேன்னு..."

"யாருக்கு? எந்த எல்லாருக்கும்?"

 அவன் கத்தியிருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு. பீப்பாயை எட்டி உதைத்திருந்தால்கூட அவளும் பதிலுக்கு அழுது ஆர்ப்பாட்டம் பண்ணியிருப்பாள். அவன் கத்தவில்லை. படியேறித் திரும்பும்போது அவள் தோளைப் பிடித்துக்கொண்டுதான் ஏறினான்.

மறுநாள் வெண்டல் வந்தான். நல்ல தண்ணீரைக் கேன் கேனாக இறக்கி, தொட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாக நீர்க்கச் செய்தான். கண்ணாடி போட்டுக்கொண்டு வெள்ளைக் காம்புகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தான். கடுகளவு சதை ஒட்டியிருந்தாலும் போதும், அதிலிருந்து கிளம்பும் என்றான். சாயங்காலம்வரை பார்த்தான். கடுகளவும் இல்லை.

"யாருக்காவது ஒரு துண்டு குடுத்திருக்கியா?" என்று கேட்டான் கையைத் துடைத்துக்கொண்டே. "எங்கயோ ஒருத்தன், எப்பவோ ஒருதடவை? யோசிச்சுப் பாரு."

வெர்லின் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். வெண்டல் நல்லவன். நான் அப்பவே சொன்னேனே என்று அவன் வாயில் வரவில்லை.  கேன்களை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

சமையலறையில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்த மார்லிஸுக்குத் திடீரென்று அது உறைத்தது. வெர்லின் கொடுக்கவில்லை. கெலன்? அவன் அப்பனைப் போல இல்லையே. சட்டையைக் கழற்றிக் கொடுக்கிற பிள்ளை. கத்தியைப் போட்டுவிட்டு, பழைய கிறிஸ்துமஸ் அட்டைகளில் தேடி டெஸாவின் நம்பரைப் பிடித்தாள். 

டெஸா இப்போது மேடிசனில் இருந்தாள். பின்னணியில் ஒரு குழந்தை எதையோ தட்டிக்கொண்டிருந்தது. வெர்லின் பிழைத்து வந்ததை மார்லிஸ் சொன்னாள், குளிரைப் பற்றிச் சொன்னாள், அப்புறம் கேட்டேவிட்டாள்.

"அந்தப் பச்சைப் பவளம் இருக்கில்லம்மா, அதுல கெலன் உனக்கு ஏதாவது துண்டு குடுத்திருந்தானா?"

அந்தப் பக்கம் குழந்தை தட்டுகிற சத்தம் தள்ளிப் போயிற்று.

"குடுத்தான்" என்றாள் டெஸா. "நாங்க பழக ஆரம்பிச்சப்ப. பூங்கொத்து குடுக்கறதுக்குப் பதிலா அதைத்தான் குடுத்தான், லூசு. ஒரு சின்ன தொட்டியில வெச்சிருந்தேன்."

மார்லிஸ் அவசரமாகக் கேட்டாள். "இருக்கா?"

"இல்லை மிஸஸ் ஹ்ருஸ்கா. அவன் போனப்புறம் எனக்கு எதையும் கவனிக்கத் தோணலை. நாள் கணக்கா அந்தப் பக்கமே போகலை. அது செத்துப்போச்சு." குழந்தையிடம் ஏதோ சொல்லிவிட்டுத் திரும்ப வந்தாள். "அதுக்குத்தான் அன்னிக்கு ஜாடியோட வந்தேன். என்னுது செத்துப்போச்சுன்னு உங்ககிட்ட சொல்ல வெக்கமா இருந்துச்சு. அவன் குடுத்ததை நான் காப்பாத்தலையேன்னு."

"அன்னிக்கு நான் வாயைத் திறந்திருக்கணும்மா" என்றாள் மார்லிஸ்.

"பரவாயில்லை. அங்க இருக்கே, அது போதும்னு நினைச்சுக்கிட்டேன். இப்ப எப்படி இருக்கு? பெரிசாயிடுச்சா?"

மார்லிஸ் கூடத்தைப் பார்த்தாள். சோபாவில் வெர்லினின் நரைத்த பின்மண்டை தெரிந்தது. அதற்கு அப்பால் விளக்கு வெளிச்சத்தில் வெள்ளைக் காம்புகள். பொய் சொல்லலாம், ஒரு நிமிஷ வேலை. இத்தனை நாள் நல்லாருக்கு, நல்லாருக்கு என்று சொல்லி வந்த வினை போதும் என்று இருந்தது.

"செத்துப்போச்சும்மா" என்றாள். "நான்தான் கொன்னுட்டேன்."

அவள் போனை வைத்தபின் வெர்லின் திரும்பாமலே கேட்டான். "யாரு?"

"டெஸா."

"என்ன சொன்னா?"

மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். ஜாடியைப் பற்றிச் சொன்னபோது அவன் தோள்கள் ஒருமுறை குலுங்கின. அவ்வளவுதான். அடுப்பில் உருளைக்கிழங்கு வெந்தது, இரண்டு பேரும் உப்பில்லாமல் தின்றார்கள். டாக்டர் அவனுக்கு உப்பை நிறுத்தியிருந்தார்.

காலையில் மார்லிஸ் எழுந்தபோது பக்கத்தில் படுக்கை காலியாக இருந்தது. நிலவறைக் கதவு திறந்திருந்தது. கீழே வெர்லின், ஒரு பால் கேனுக்கு மேல் கனமான எதையும் தூக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பப்பட்ட மனுஷன், ஒரு வாளித் தண்ணீரை ஒரு கையால் தூக்கப் பார்த்துக்கொண்டிருந்தான். சாம்பல் பீப்பாயைக் காலிசெய்து கழுவித் துடைத்து வைத்திருந்தான். விளிம்பில் பூத்திருந்த உப்பைக் காணோம்.

"எதுக்கு இதெல்லாம்?" என்றாள் அவள் படியிலிருந்தே. "அங்க ஒண்ணுமே இல்லையே வெர்லின். மோட்டாரை நிறுத்திடேன்."

"நிறுத்த மாட்டேன்" என்றான்.

முன்பு ஒருதரம் அவன் இதையே சொன்னபோது கூடவே ஒரு வாக்குறுதியும் வந்தது. இப்போது அப்படி ஒன்றும் வரவில்லை. வாளிப் பிடியை விடாமல் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றான்.

மார்லிஸ் ஒவ்வொரு படியாக இறங்கினாள். அவன் விரல்களைப் பிரித்து வாளியை வாங்கினாள். அவன் தடுக்கவில்லை. அதைத் தொடாதே, இதை மிதிக்காதே என்று சொல்லவில்லை. ஒதுங்கி நின்று அவளுக்கு வழிவிட்டான். அவள் வாளியைச் சாம்பல் பீப்பாயின் விளிம்பில் சாய்த்தாள்.

"உப்பு போடாதே" என்றான் வெர்லின்.

"தெரியும்" என்றாள் மார்லிஸ்.